உச்சியை மிதிக்காத வீரர்கள்!

1977-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி.

இமயமலையில் வானத்தை முட்டும் ஒரு சிகரம். அதன் உச்சிக்குச் சில அடி கீழே இரண்டு பேர் நின்றார்கள்.

இருவரும் இந்திய ராணுவ வீரர்கள். ஒருவர், மேஜர் பிரேம்சந்த். இன்னொருவர், நாயக் நிமா டோர்ஜி ஷெர்பா.

கண்ணுக்கு எதிரே உச்சி தெரிந்தது. அதற்கு மேல் ஆகாயம்தான். இன்னும் சில அடி எடுத்து வைத்தால் போதும். உச்சியில் ஏறி நிற்கலாம்.

ஆனால், அவர்கள் அந்தச் சில அடிகளை எடுத்து வைக்கவில்லை! அங்கேயே நின்றார்கள். பிறகு திரும்பிக் கீழே இறங்கினார்கள்.

"இதென்ன வேடிக்கை! அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு ஏறிவிட்டு, உச்சியைத் தொடாமல் வந்தால் அது வெற்றியா?" என்று கேட்கத் தோன்றும்.

வெற்றிதான்! வெற்றி என்றால் என்ன என்று நமக்குக் கற்றுக் கொடுக்கும் வெற்றி அது. பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் அந்தக் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

180 கோபுரம்!

அந்தச் சிகரத்தின் பெயர், கஞ்சன்ஜங்கா. சிக்கிம் மாநிலத்துக்கும் நேபாள நாட்டுக்கும் எல்லையில் இருக்கிறது. உலகத்தில் மூன்றாவது உயர்ந்த சிகரம் அது. உயரம் 8,586 மீட்டர். அதாவது, 28 ஆயிரம் அடிக்கும் மேல்.

28 ஆயிரம் அடி என்றால் எவ்வளவு?

மலையின் உயரத்தைக் கடல் மட்டத்தில் இருந்துதான் கணக்கிடுவார்கள். சென்னை சாந்தோம் கடற்கரையில், அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த இடத்தின் உயரம் பூஜ்யம்.

அங்கிருந்து பார்த்தால் சாந்தோம் மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம் தெரியும். அதன் உயரம் சுமார் 155 அடி. தலையை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கோபுரத்தின் மேல் இன்னொரு கோபுரம். அதன் மேல் இன்னொன்று. இப்படி 180 கோபுரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும், கஞ்சன்ஜங்காவின் உயரம் வராது!

இமயமலையை அளந்த கதைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவை அளக்கும் பெரிய வேலையை லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802-ம் ஆண்டு தொடங்கினார். சென்னை பரங்கிமலையின் அருகே ஏழு மைல் நீளத்துக்கு மேல் ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அங்கே தொடங்கிய வேலைதான், அவர் இறந்த பிறகும் நிற்காமல், கடைசியில் இமயமலை வரை போனது.

கஞ்சன்ஜங்காதான் உலகத்திலேயே உயர்ந்த மலை என்று ஒரு காலத்தில் எண்ணி இருந்தார்கள். 1850-ம் ஆண்டை ஒட்டிய கணக்குகளில்தான், எவரெஸ்டு அதைவிட உயரம் என்று தெரிந்தது.

ஐந்து புதையல்

சிக்கிம் மக்களுக்குக் கஞ்சன்ஜங்கா வெறும் மலை அல்ல, தெய்வம். தங்களைக் காக்கும் காவல் தெய்வம் அங்கே குடி இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். "பெரும்பனியின் ஐந்து புதையல்கள்" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்த மலைக்கு ஐந்து சிகரங்கள் உண்டு.

நம் ஊரில் கர்ப்பக்கிரகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போக முடியுமா? வாசலில் நின்று கும்பிடுவோம். அதைப் போல, அந்த உச்சியில் மனிதன் கால் படக்கூடாது என்பது சிக்கிம் மக்களின் நம்பிக்கை.

1955-ம் ஆண்டு, ஒரு பிரிட்டிஷ் கோஷ்டி நேபாளப் பக்கமாக அந்த மலையில் ஏறியது. சார்லஸ் இவான்ஸ் என்பவர் அதன் தலைவர். "உச்சியை மிதிக்க மாட்டோம்" என்று சிக்கிம் மன்னர் குடும்பத்துக்கு அவர்கள் வாக்குக் கொடுத்து இருந்தார்கள்.

மே 25-ந் தேதி, ஜார்ஜ் பாண்டு, ஜோ பிரவுன் என்ற இருவர் உச்சியின் அருகே போய்ச் சேர்ந்தார்கள். கொடுத்த வாக்கு நினைவு இருந்தது. சில அடி முன்பே நின்று விட்டார்கள்! மறுநாள் ஏறிய இன்னும் இருவரும் அப்படியே செய்தார்கள்.

அந்த உயரத்தில் போலீஸ்காரர் யாரும் இல்லை. காவலாளியும் இல்லை. பார்க்கவும் கேட்கவும் ஆள் கிடையாது. ஆனாலும், சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

22 ஆண்டுகள் கழித்து, 1977-ல் இந்திய ராணுவக் கோஷ்டி ஏறியது. சிக்கிம் அப்போது இந்தியாவின் ஒரு மாநிலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகி இருந்தன. நம் வீரர்களும் அதே மரியாதையைச் செய்தார்கள்.

கூரை முகடு போன்ற வழி

வெள்ளைக்காரர்கள் முன்பே ஏறிய மலைதானே? பிறகு நம்மவர்கள் ஏறியதில் என்ன புதுமை?

வழி புதியது!

1955-ல் ஏறியவர்கள் மேற்குப் பக்கமாக, நேபாளத்தில் இருந்து ஏறினார்கள். நம் வீரர்கள் கிழக்கே, சிக்கிம் பக்கமாக ஏறினார்கள். வடகிழக்கில் நீண்டு இறங்கும் ஒரு முகடுதான் அவர்கள் தேர்ந்து எடுத்த வழி. அந்த வழியாக அதற்கு முன் ஒருவரும் உச்சி வரை போனது இல்லை.

முகடு என்றால் என்ன?

ஓட்டு வீட்டின் கூரையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். நடுவே, மேலே, நீளமாக ஒரு விளிம்பு ஓடும். அதுதான் முகடு. அதன் மேல் ஒருவன் நடக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் கால் தவறினாலும் ஆபத்து. வலப்பக்கம் தவறினாலும் ஆபத்து.

கஞ்சன்ஜங்காவின் வடகிழக்கு முகடு அப்படிப்பட்டதுதான். ஆனால், கூரையின் இரு பக்கமும் பல ஆயிரம் அடிப் பள்ளம்! விளிம்பு முழுவதும் பாறையும் பனிக்கட்டியும். வழியை மறித்துக் கொண்டு, தேர் போலவும் தூண் போலவும் பனிக் கோபுரங்கள் நிற்கும். அவற்றை வெட்டி, துளைத்து, கயிறு கட்டித்தான் மேலே போக முடியும்.

மலையில் மாண்ட இருவர்

அந்த முகட்டில் முதலில் வழி வெட்டியவர்கள் ஜெர்மானியர்கள்.

1929-ம் ஆண்டு, பால் பாவர் என்பவர் ஒரு கோஷ்டியை அழைத்து வந்தார். பனிக்குள் குகை தோண்டி, அதற்குள் படுத்துத் தூங்கினார்கள். 24 ஆயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டார்கள். அப்போது பெரும் பனிப்புயல் வந்தது. திரும்பி விட்டார்கள்.

பாவர் சும்மா இருக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1931-ல், மறுபடியும் வந்தார். அதே மலை, அதே முகடு.

இந்தத் தடவை பெரிய துயரம் நேர்ந்தது. ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, ஹெர்மன் ஷாலர் என்ற ஜெர்மானியரும், பசாங் என்ற ஷெர்பா தொழிலாளியும் முகட்டில் இருந்து விழுந்து மாண்டார்கள்.

தோழர்கள் அவர்களை மலையிலேயே அடக்கம் செய்தார்கள். கண்ணீரைத் துடைத்துக் கொண்டு மறுபடியும் ஏறினார்கள். செப்டம்பர் மாதத்தில் முகட்டின் முனைக்கே போய்ச் சேர்ந்தார்கள். 25 ஆயிரம் அடி உயரம்! உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 3 ஆயிரம் அடிதான் பாக்கி.

ஆனால், எதிரே ஒரு பனிச்சரிவு குறுக்கிட்டது. சுவர் போன்ற சரிவு. அதில் பனி கெட்டியாக ஒட்டி இருக்கவில்லை. கால் வைத்தால், மொத்தமும் பாளம் பாளமாகச் சரிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

பாவர் யோசித்தார். பார்த்தார். "திரும்புவோம்" என்று முடிவு செய்தார்.

அவர் தோற்றவரா?

"ஆமாம்" என்று அன்று சிலர் சொல்லி இருக்கலாம். ஆனால், அவரும் அவர் தோழர்களும் ஏறி இராவிட்டால், அந்த முகட்டில் வழி உண்டு என்பதே உலகுக்குத் தெரிந்து இராது. எந்த இடத்தில் ஆபத்து காத்து இருக்கிறது என்பதும் தெரிந்து இராது. அவர்கள் பார்த்து வைத்த வழியில்தான், 46 ஆண்டுகள் கழித்து நம் வீரர்கள் ஏறினார்கள்.

விரல் இழந்த தலைவர்

இந்திய ராணுவக் கோஷ்டிக்குத் தலைவர், கர்னல் நரேந்திர குமார்.

அவருடைய கதையே ஒரு பாடம்.

1960-ம் ஆண்டு, எவரெஸ்டு சிகரத்தில் ஏற முதல் இந்தியக் கோஷ்டி போனது. நரேந்திர குமார், சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு ஆகிய மூவரும் 28,300 அடி வரை ஏறினார்கள். இன்னும் சுமார் 700 அடி ஏறினால் உலகத்தின் உச்சி! ஆனால், பேய்க்காற்று வீசியது. மூவரும் திரும்பி விட்டார்கள்.

மறு ஆண்டு, நீலகண்ட சிகரத்தில் பனி கடித்து, நரேந்திர குமார் நான்கு கால்விரல்களை இழந்தார். வேறொருவராய் இருந்தால், மலைக்கே ஒரு கும்பிடு போட்டு வீட்டில் உட்கார்ந்து இருப்பார். அவர் உட்காரவில்லை.

1964-ல் நந்தாதேவி சிகரத்துக்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு அவர் தலைவர். உச்சியில் ஏறியவர்கள் கோம்புவும் தாவா நோர்புவும். 1965-ல் எவரெஸ்டுக்குப் போன கோஷ்டிக்கு அவர் துணைத் தலைவர். அந்தத் தடவை ஒன்பது பேர் உச்சியில் ஏறினார்கள். அந்த ஒன்பது பேரில் அவர் இல்லை. 1977-ல் கஞ்சன்ஜங்கா. அங்கும் மேலே போனவர்கள் பிரேம்சந்தும் நிமா டோர்ஜியும்தான்.

மூன்று பெரிய வெற்றிகள். மூன்றிலும், உச்சிக்குப் போனவர்களின் பட்டியலில் நரேந்திர குமாரின் பெயர் கிடையாது!

ஆனாலும் அவர் இல்லாமல் கஞ்சன்ஜங்கா வெற்றி இல்லை. அடுத்த ஆண்டே, 1978-ல், சியாச்சின் பனி ஆற்றுக்குப் போய் அங்குள்ள நிலைமையை நாட்டுக்குத் தெரிவித்தவரும் அவர்தான். 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அவர் காலமானபோது, நாடே அவரைப் புகழ்ந்தது.

தேர் இழுத்தவர்கள்

உயர்ந்த மலையில் ஏறுவது எப்படி நடக்கிறது?

கீழே ஒரு பெரிய முகாம் போடுவார்கள். அதற்கு மேலே ஒரு சிறிய முகாம். அதற்கு மேலே இன்னும் சிறியது. இப்படிப் படிப்படியாகப் போக வேண்டும். கூடாரம், சாப்பாடு, எண்ணெய், கயிறு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, ஒரு முகாமில் இருந்து அடுத்த முகாமுக்குக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சுமையை வைத்துவிட்டு இறங்க வேண்டும். மறுநாள் மறுபடியும் சுமக்க வேண்டும். இப்படிப் பல வாரங்கள்!

மேலே போகப்போகக் காற்று குறையும். சாந்தோம் கடற்கரையில் ஒருவர் இழுக்கும் ஒரு மூச்சில் எவ்வளவு பிராண வாயு கிடைக்கிறதோ, கஞ்சன்ஜங்காவின் உச்சியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். நாலு அடி வைத்தால் நாயைப் போல மூச்சு வாங்கும்.

சாப்பாடும் சரிவர ஆகாது. அந்த உயரத்தில், நம் ஊரைப் போல நல்ல சூடு ஏறும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி போட்டால், சோறு எளிதில் வேகாது.

இத்தனைக்கும் நடுவில் நம் வீரர்கள் முகட்டில் கயிறு கட்டிக் கொண்டே போனார்கள். கோஷ்டியில் ஒரு வீரர் மலையிலேயே உயிர் இழந்தார். மற்றவர்கள் மனம் தளரவில்லை. ஜெர்மானியரைத் திருப்பி அனுப்பிய அந்தப் பனிச்சரிவையும் தாண்டினார்கள்.

கடைசி நாளில் மேலே போனவர்கள் இருவர். ஆனால், அந்த இருவர் போவதற்காகச் சுமந்தவர்கள் எத்தனை பேர்! கயிறு கட்டியவர்கள் எத்தனை பேர்!

சாந்தோமுக்கு அடுத்தாற்போல் மயிலாப்பூர். அங்கே பங்குனி மாதம் கபாலீசுவரர் தேர் வரும். மேலே சாமி உட்கார்ந்து இருப்பார். கீழே வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். முட்டுக்கட்டை போடுபவர் ஒருவர். மோர் கொடுப்பவர் ஒருவர். தேர் நிலைக்கு வந்ததும், "நான்தான் இழுத்தேன்" என்று அவர்களில் யாராவது ஒருவர் சொல்ல முடியுமா? ஊரே சேர்ந்து இழுத்தது!

மலை ஏறுவதும் அப்படித்தான். உச்சிக்குப் போனவரின் பெயர் பத்திரிகையில் வரும். சுமந்தவரின் பெயர் வராது. அதனால் அவர் தோற்றவர் ஆகிவிட மாட்டார்.

சோம்பலுக்குச் சாக்கா?

"இப்படி எல்லாம் பேசினால், பிள்ளைகள் பாதியிலேயே நின்று விடுவார்கள். 'திரும்பி வந்தால் போதும்' என்று சோம்பல் படுவார்கள். உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்று சொல்லி வளர்த்தால்தான் முன்னேறுவார்கள்" என்று சிலர் வாதம் செய்யலாம்.

அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சோம்பல் கூடாதுதான். ஆனால், நின்றவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக நின்றவர்களா?

ஒருவன் முயற்சியே செய்யாமல் நிற்கிறான். அது சோம்பல்.

இன்னொருவன் முழு மூச்சோடு முயன்று, இனிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அறிந்து திரும்புகிறான். அது அறிவு. பாவர் செய்தது அதுதான். நரேந்திர குமார் 1960-ல் செய்ததும் அதுதான்.

மூன்றாவது ஒருவன், போக முடிந்தும், பிறருடைய நம்பிக்கையை மதித்து நிற்கிறான். அது பண்பு. பிரேம்சந்தும் நிமா டோர்ஜியும் செய்தது அது.

சோம்பலைக் கண்டிக்கலாம். ஆனால், அறிவையும் பண்பையும் சோம்பலோடு சேர்த்துத் திட்டலாமா?

திரும்பி வந்தவன் மறுபடியும் போகலாம். சோனம் கியாட்சோவையே பாருங்கள். அவர் சிக்கிம் மாநிலத்தவர். 1960-ல் எவரெஸ்டில் இருந்து திரும்பினார். 1962-ல் இரண்டாவது இந்தியக் கோஷ்டியோடு போனார். 28,600 அடி வரை ஏறி, மறுபடியும் திரும்பினார். 1965-ம் ஆண்டு மே 22-ந் தேதி, மூன்றாவது தடவையில் உச்சியில் நின்றார்! முதல் தடவையே பிடிவாதமாகப் போய் உயிரை விட்டு இருந்தால், மூன்றாவது தடவை என்று ஒன்று வந்து இருக்குமா?

இதற்கு நேர்மாறான காட்சியையும் உலகம் பார்த்து விட்டது. 2019-ம் ஆண்டு மே மாதத்தில், எவரெஸ்டு உச்சியை ஒட்டிய முகட்டில், சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டுக்கு நிற்பதைப் போல ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பருவத்தில் மட்டும் எவரெஸ்டில் 11 பேர் மாண்டார்கள். "எப்படியாவது தொட்டுவிட வேண்டும்" என்ற வெறி, திரும்ப வேண்டிய நேரத்தில் பலரைத் திரும்ப விடுவது இல்லை.

கடலுக்குப் போகிறவர் பாடம்

இந்தப் பாடத்தைப் படிக்க இமயமலைக்குப் போக வேண்டியது இல்லை. சாந்தோம் கடற்கரைக்கு விடியற்காலையில் போனாலே போதும்.

அந்தக் கரை நெடுகிலும் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அங்கே உள்ள பெரியவர்கள், காற்றைப் பார்ப்பார்கள், நீரோட்டத்தைப் பார்ப்பார்கள், அலையின் போக்கைப் பார்ப்பார்கள். "இன்றைக்குக் கடல் சரியில்லை" என்று தோன்றினால், பாதி வழியில் இருந்தும் படகைத் திருப்பி விடுவார்கள்.

வலையில் மீன் இல்லை. டீசல் செலவும் நஷ்டம். ஆனாலும், வெறும் படகோடு கரைக்கு வந்தவரைப் பார்த்து, "தோற்றுப் போனாயே!" என்று குப்பத்தில் யாரும் சிரிப்பது இல்லை. அவர் மனைவி, ஆள் வந்து சேர்ந்ததே போதும் என்று நிம்மதியாக மூச்சு விடுவாள். நாளைக்கும் கடல் இருக்கும். அதில் மீன் இருக்கும். போன உயிர் திரும்பி வருமா?

கடலோரத்து மக்களுக்குத் தெரிந்த இந்த ஞானம், படித்தவர்கள் வீட்டில் மட்டும் ஏன் இல்லாமல் போகிறது?

மார்க் வாங்கும் மலை

ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை முடிவு வருகிறது. அன்றைக்குச் சில வீடுகளில் இனிப்பு வழங்குகிறார்கள். சில வீடுகளில் இழவு விழுந்ததைப் போல இருக்கிறது.

95 மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்த்து, "மற்ற 5 மார்க் எங்கே?" என்று கேட்கும் அப்பா இருக்கிறார். "எதிர் வீட்டுப் பிள்ளை உன்னைவிட அதிகமாமே!" என்று குத்திக் காட்டும் அம்மா இருக்கிறார். தேறாத பிள்ளையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்பே வைத்துத் திட்டும் வீடும் உண்டு. அந்தச் சொல் தாங்காமல், மனம் உடைந்து, விபரீத முடிவுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத ஆண்டு இல்லை.

2017-ம் ஆண்டு, பொதுத் தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தியது. நல்ல காரியம். அரசாங்கம் நிறுத்தியதை, வீடுகள் இன்னும் நிறுத்தவில்லை!

தேறாத பிள்ளைக்குத் துணைத் தேர்வு இருக்கிறது. பாவர் இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்ததைப் போல, சோனம் கியாட்சோ மூன்றாவது தடவை ஏறியதைப் போல, அந்தப் பிள்ளையும் மறுபடி ஏறலாம். அதற்கு அவன் வீடு திரும்பி வந்து இருக்க வேண்டும். வீட்டில் அவனுக்கு இடம் இருக்க வேண்டும்.

அதற்காகப் பெற்றோர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முடிவு வந்த அன்று, மார்க்கைக் கேட்கும் முன்பு, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது, எங்கே வழுக்கியது என்று மறுநாள் விசாரியுங்கள். எதிர் வீட்டுப் பிள்ளையின் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அவன் ஏறும் மலை வேறு. உங்கள் பிள்ளை ஏறும் மலை வேறு.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை முதல் மார்க் வாங்கினால், அவனைப் பாராட்டுங்கள். கூடவே, விளக்கு வைத்துக் கொடுத்த பாட்டியை, தன் படிப்பை நிறுத்திக் கொண்டு வேலைக்குப் போன அக்காவை, விடிய விடிய டீ போட்டுக் கொடுத்த அம்மாவை அவனுக்குக் காட்டுங்கள். "இவர்கள் சுமந்துதான் நீ ஏறினாய்" என்று சொல்லுங்கள். தலைக்கனம் வராது.

கஞ்சன்ஜங்காவில் சிக்கிம் பக்கமாக ஏறுவதற்கு இப்போது தடை இருக்கிறது. மக்களின் நம்பிக்கையை மதித்துச் செய்த தடை அது. அந்த மலையைச் சுற்றி உள்ள தேசியப் பூங்காவை, 2016-ல் உலகப் பாரம்பரியச் சொத்து என்று யுனெஸ்கோ அறிவித்தது.

அந்தச் சில அடி உயரத்தை நம் வீரர்கள் விட்டுக் கொடுத்ததால் இந்தியாவுக்குப் பெருமை குறைந்து போய்விட்டதா? இல்லை. ஒரு மலையின் உச்சியை அவர்கள் மிதிக்கவில்லை. ஒரு ஜனத்தின் மனத்தையும் மிதிக்கவில்லை. இறங்கி வந்தார்கள், வீடு வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளைகள் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறட்டும். ஏறச் சொல்லி ஊக்கம் கொடுங்கள். ஆனால், ஏறினாலும் ஏறாவிட்டாலும், அவர்கள் திரும்பி வரும்போது வீட்டுக் கதவு திறந்து இருக்கட்டும்!